புண்ணோடு தணிகை மலை ஏறலாமா?

ஓம் சரவணபவ.

இன்னைக்கு ஒரு கேள்வியைச் சுத்தி வளைக்காம எடுத்துக்கலாம்.

ஒருத்தர் உடம்பில் புண் இருக்கிறது. அதுவும் அக்குளில், தொடை இடுக்கில், மார்புக்குக் கீழே, பின்பக்கத்தில் என்று வெளியே காட்ட முடியாத இடத்தில். வலிக்கிறது. சில நாள் சீழ் வடியுது, சட்டையில் கறை படுது, வாடை வருது. இந்த உடம்போடு திருத்தணி மலை ஏறலாமா? ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கலாமா? ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி 'அரோகரா' சொல்லவே முடியாதவர் அந்தக் கூட்டத்தில் எங்கே நிற்பது?

இதை யாரும் குருக்களிடம் வாய்விட்டுக் கேட்பதில்லை. அம்மாவிடம்கூடக் கேட்பதில்லை. மனசுக்குள்ளேயே கேட்டு, மனசுக்குள்ளேயே 'வேண்டாம்' என்று பதிலும் சொல்லிக்கொண்டு, மலைக்குப் போவதை நிறுத்திவிடுகிறார்கள். அதோடு இன்னொன்றையும் தள்ளிப்போடுகிறார்கள். டாக்டரிடம் போவதை. ரெண்டும் ஒரே இடத்தில் இருந்துதான் வருது. அதுக்குப் பேர் கூச்சம். முருகனுக்கு முன்னால் அந்தக் கூச்சத்துக்கு இடம் உண்டா? அதைத்தான் இங்கே யோசிக்கப் போறோம்.

முதலில் நோயைத் தெரிஞ்சுக்கலாம்.

இப்படித் திரும்பத் திரும்ப வரும் கட்டிகளுக்கு மருத்துவத்தில் ஒரு பெயர் உண்டு. ஹைட்ரடினைடிஸ் சப்புரடிவா. சுருக்கமா எச்.எஸ். வாயில் நுழையாத பெயர்தான். ஆனா அபூர்வமான நோய் இல்லை. நூறு பேரில் ஒருவருக்கு இருக்கலாம் என்று மேல்நாட்டு மருத்துவ நூல்கள் ஒரு கணக்கு சொல்கின்றன. பெரும்பாலும் வயசுக்கு வந்த பிறகு, பதின்ம வயசின் கடைசியிலோ இருபதுகளிலோ தொடங்குகிறது. அதாவது இதைப் படிக்கிற உங்களில் பலரோட வயசில்.

உள்ளே நடப்பது இதுதான். மயிர்க்காலின் வாய் அடைபடுகிறது. அடைபட்டது தோலுக்கு அடியிலேயே உடைகிறது. அதைப் பார்த்து உடம்பின் எதிர்ப்பு சக்தி அளவு மீறிக் கோபப்படுகிறது. அந்தக் கோபம்தான் கட்டியாக வீங்கி, பழுத்து, உடையுது. ஆறின மாதிரி இருக்கும். பக்கத்தில் இன்னொன்று கிளம்பும். வருஷக்கணக்கில் விட்டால் ஒரு கட்டிக்கும் இன்னொரு கட்டிக்கும் நடுவே தோலுக்கடியில் சுரங்கம் மாதிரி வழி உண்டாகும். தழும்பு இறுகிப்போய், கையை முழுசாத் தூக்க முடியாத நிலைகூட வரும்.

இது ஒருத்தரிடம் இருந்து இன்னொருத்தருக்குத் தொற்றாது. குளிக்காததால், அழுக்கால் வருவது இல்லை. பால்வினை நோயும் இல்லை. ஏறக்குறைய மூணில் ஒரு நோயாளிக்குக் குடும்பத்தில் வேறு யாருக்காவதும் இருக்கிறது. புகை பிடிப்பவர்களிடமும் உடல் எடை கூடினவர்களிடமும் அதிகம் பார்க்கிறார்கள். ஆனா புகையே தொடாத, ஒல்லியான ஆளுக்கும் வருது.

கண்டுபிடிக்க ஸ்கேன் தேவையில்லை. இதுதான் என்று காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனையும் கிடையாது. விவரம் தெரிந்த தோல் டாக்டர் மூணு விஷயம் பார்ப்பார். கட்டி எப்படிப்பட்டது, எந்த இடத்தில் வருது, திரும்பத் திரும்ப வருதா. ஆறு மாசத்துக்குள் இந்த இடங்களில் ரெண்டு தடவையாவது வந்திருந்தால் சந்தேகப்படணும். அவ்வளவுதான் விஷயம். இருந்தும், பல நாட்டு நோயாளிகளை வைத்து 2015-ல் வெளியான ஓர் ஆய்வில், முதல் கட்டிக்கும் நோயின் பெயர் தெரிந்த நாளுக்கும் நடுவே சராசரியாக 7 வருஷத்துக்கு மேல் போயிருந்தது. அதே ஆய்வில் சொரியாசிஸ் நோயாளிகளுக்கு 2 வருஷம்கூட ஆகவில்லை. ரெண்டும் தோல் நோய்தான். ஒன்று முழங்கையில் தெரியும், இன்னொன்று துணிக்குள் மறைந்திருக்கும்.

நம்ம பக்கத்தில் அந்த ஏழு வருஷம் எங்கே போகும்னு யோசிச்சுப் பாருங்க. பாதி வெயிலில் போகும். கோடை வந்தாலே தமிழ்நாட்டில் அதிக வெயில் அடிச்ச ஊர்கள் பட்டியலில் வேலூரோடு திருத்தணி பேரும் வரும். நாற்பது டிகிரி தாண்டறது இங்கே சாதாரணம். அந்த ஊரில் அக்குளில் கட்டி வந்தால் 'வேனக்கட்டி, சூடு, இளநீர் குடி' என்பார்கள். நகரி, புத்தூர் தாண்டினால் தெலுங்கில் 'செககட்ட' என்பார்கள். செக என்றாலும் சூடுதான். எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பழி வெயில் மேல்தான். உண்மையான வேனக்கட்டி வந்தால் ஆறிப் போயிடும். மார்கழிப் பனியிலும் அதே இடத்தில் வருகிற கட்டிக்கு வெயில் எப்படிப் பொறுப்பாகும்?

மீதிப் பாதி, கீறி விடுவதில் போகும். வலி தாங்க முடியாம ஒரு டாக்டரிடம் போவாங்க. அவர் கட்டியைக் கீறிச் சீழ் எடுத்து, ஐந்து நாள் மாத்திரை கொடுப்பார். அன்னைக்கு நிம்மதி. மூணு மாசத்தில் திரும்ப வரும். வேறு டாக்டர், திரும்ப அதே. ஒவ்வொருத்தரும் அந்தக் கட்டியைத்தான் பார்த்தாங்க. இதுக்கு முன்னாடி இதே இடத்தில் எத்தனை வந்துச்சுன்னு யாரும் கேட்கலை, கூச்சத்தில் இவரும் சொல்லலை.

திருவள்ளுவர் மருந்துக்கென்று ஓர் அதிகாரமே வைத்தார். முதலில் நோய் என்ன என்று பார், அப்புறம் அது எதனால் என்று பார், அப்புறம் தணிக்கும் வழியைப் பார், கடைசியில் பொருத்தமானதைச் செய் என்று அதில் ஒரு வரிசை கொடுக்கிறார். நாம முதல் மூணையும் விட்டுட்டு நேரா நாலாவதுக்குப் போறோம். ஏழு வருஷம் அப்படித்தான் போகுது.

இப்போ கஷ்டமான இடத்துக்கு வருவோம். வினை.

'போன ஜென்மத்துல என்ன பண்ணியோ.' இந்த வாக்கியத்தைக் கேட்காத நோயாளி நம்ம வீடுகளில் இல்லை. தோல் நோய் என்றால் இன்னும் கூடுதலாச் சொல்வாங்க. அதற்கு ஆதாரமாக அருணகிரிநாதர் கதையையே இழுப்பாங்க. இளமையில் தவறான வழியில் போனார், உடம்பில் தொழுநோய் வந்தது, மனம் வெறுத்துத் திருவண்ணாமலைக் கோபுரத்தின் மேலிருந்து குதித்தார் என்று வழிவழியாகச் சொல்லப்படும் கதை நமக்கெல்லாம் தெரியும். பாத்தியா, பாவம் பண்ணினா தோல்ல காட்டும் என்று அந்தக் கதையை முடிச்சுடறாங்க.

ஆனா கதை அங்கே முடியலையே! அவர் விழுகிறார். முருகன் தாங்குகிறார். தாங்குவதற்கு முன்னாடி 'இந்த நோய் உனக்கு எதனால் வந்தது' என்று கேட்டாரா? கணக்குப் பார்த்தாரா? புண்ணோடு விழுந்த உடம்பைக் கை நீட்டிப் பிடித்தார். பாட்டு அதுக்கப்புறம்தான். திருப்புகழ் அதுக்கப்புறம்தான். அந்தக் கதையில் நாம கத்துக்க வேண்டியது யாருடைய நடத்தையை? கீழே நின்று 'அவன் வினை' என்று சொன்ன கூட்டத்தையா, கை நீட்டினவரையா?

வினை என்ற கொள்கையைத் தூக்கி எறியச் சொல்லலை. அது நம்ம மரபின் ஆழமான சொல். ஆனா அது ஒரு முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி. தன்னைப் பார்த்துக்கொள்ள வைத்தது. அதே கண்ணாடியைத் திருப்பி அடுத்தவர் கண்ணில் வெயிலடிக்கவும் முடியும். 'நான் இனி ஒழுங்கா வாழணும்' என்று ஒருவர் தனக்குத் தானே சொல்லிக்கொண்டால் அது வினையைப் பற்றிய சிந்தனை. வலியில் துடிக்கிற பெண்ணிடம் 'உன் வினை' என்று சொன்னால் அது வெறும் கொடுமை.

இன்னொன்றும் இருக்கு. வினை என்ற சொல்லுக்கு நேர்ப் பொருளே செயல்தான். கட்டி ஏன் வந்தது என்பதற்கு வேணும்னா பழைய வினை பதில் சொல்லட்டும். ஏழு வருஷம் ஏன் பெயர் தெரியவில்லை என்பதற்குப் போன ஜென்மம் பொறுப்பில்லை. அது இந்த ஜென்மத்தில், நம்ம வீட்டில், நம்ம வாயை மூடிக்கொண்டதால் நடந்தது. டாக்டரிடம் போவதும் ஒரு வினைதான். 'அங்க வலிக்குது' என்று வாயைத் திறந்து சொல்வதும் வினைதான்.

சரி, அந்தக் கூச்சத்தை எப்படி உடைப்பது? நம்ம கையிலேயே ஒரு வழி இருக்கிறது. தினமும் ஓதுகிறோம், கவனிப்பதில்லை.

தேவராய சுவாமிகளின் கந்த சஷ்டி கவசத்தை அடுத்த தடவை ஓதும்போது மெதுவாக ஓதுங்கள். உச்சியில் இருந்து உள்ளங்கால் வரைக்கும் உடம்பின் ஒவ்வொரு இடத்தையும் பெயர் சொல்லி, அதை வேல் காக்கட்டும் என்று கேட்கிறது அந்தப் பாட்டு. கண், காது, கழுத்தோடு நிறுத்தவில்லை. நாம வெளியே சொல்லக் கூசும் இடங்களையும் விடவில்லை. முன்பக்கம், பின்பக்கம் எல்லாவற்றையும் பெயர் சொல்லியே கேட்கிறது. பூஜை அறையில், பாட்டியும் பேத்தியும் ஒண்ணா உட்கார்ந்து, சத்தமாச் சொல்கிறோம். யாரும் முகம் சுளிப்பதில்லை.

அதுக்கப்புறம் நோய்களின் பட்டியல் வரும். அதில் பிளவை இருக்கு, சிரங்கு இருக்கு, தொடை வாழை இருக்கு, சிலந்தி இருக்கு. சிலந்தி என்றதும் எட்டுக்கால் பூச்சி என்று நம்மில் பலர் நினைச்சிருப்போம். பழைய தமிழில் அது சீழ் வைத்த புண்ணுக்கும் பெயர். தொடை வாழை என்பது தொடையில் வரும் சீழ்க்கட்டி. பிளவை என்பது உடைந்து வாய் விடும் பெரிய கட்டி. இன்றைக்கு ஒரு தோல் டாக்டரின் அறையில் சொல்லத் தயங்குகிற அத்தனையும் அந்தப் பாட்டில் ஏற்கெனவே முருகனிடம் சொல்லியாச்சு. முருகனிடம் சத்தமாகச் சொன்னதை ஒரு டாக்டரிடம் மெதுவாகச் சொல்ல என்ன தயக்கம்?

பெயர் சொல்வதற்கு நம்ம சுவாமியிடம் தனி மதிப்பு உண்டு. பிரணவத்துக்குப் பொருள் தெரியுமா என்று பிரம்மாவையே நிறுத்திக் கேட்டவர் அவர். சொல்லத் தெரியாமல் படைப்புத் தொழில் நடத்தியது போதும் என்று சிறையில் வைத்தார். நோய்க்குப் பெயர் தெரியாமல் கீறிக்கொண்டே இருப்பதும் கிட்டத்தட்ட அப்படித்தான். வேலை நடக்கும். பொருள் தெரிந்திருக்காது.

பெயர் முழுசாச் சரியாக இருக்கணும் என்றுகூட அவசியமில்லை. 1854-ல் வெர்னாய் என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் இந்த நோய் வியர்வைச் சுரப்பிகளில் தொடங்குகிறது என்று எழுதினார். ஹைட்ரடினைடிஸ் என்ற பெயருக்கும் வியர்வைச் சுரப்பியின் அழற்சி என்றுதான் அர்த்தம். பிற்பாடு பார்த்தால் தொடக்கம் மயிர்க்காலில். ஆக, பெயரிலேயே ஒரு பழைய தவறு ஒட்டிக்கிட்டு இருக்கு. இருந்தாலும் அந்தப் பெயர் வந்த பிறகுதான் நோயாளிகளை ஒன்றாகப் பார்க்க முடிந்தது, காரணத்தைத் தேட முடிந்தது, 2015-ல் இதற்கென்றே அங்கீகரித்த முதல் ஊசி மருந்து அடலிமுமாப் வரைக்கும் வர முடிந்தது. பெயர் தெரிந்த அன்னைக்கு நோய் போகாது. 'என்னால வந்தது, என் அழுக்கால வந்தது' என்ற பழி போகும். அதுவே பாதி பாரம்.

இங்கே ஒரு தம்பி எதிர்க்கேள்வி கேட்பார். அண்ணா, பாம்பன் சுவாமிகளுக்கு டாக்டரா கால் சேர்த்தாங்க? சண்முக கவசம்தானே காப்பாத்துச்சு?

நல்ல கேள்வி. அந்த வரலாற்றையே பார்ப்போம். 1923 டிசம்பர் 27. சென்னை தம்புச்செட்டித் தெருவில் நடந்து போன சுவாமிகள் மேல் குதிரை வண்டி ஏறி, இடது கால் எலும்பு முறிந்தது. எழுபதைத் தாண்டிய வயசு. உப்பே சேர்க்காத உடம்பு. சென்னை பொது மருத்துவமனையில் சேர்த்தார்கள். எலும்பு கூடுவது கடினம் என்று டாக்டர்கள் கருதினார்கள். 1891-ல் அவரே பாடிய சண்முக கவசத்தை அடியவர்கள் ஓதினார்கள். படுக்கையில் இருந்தபடியே சுவாமிகள் மயில்களின் காட்சி கண்டார். கால் கூடியது. அந்தக் காட்சியை மயூர வாகன சேவனம் என்று இன்றும் மார்கழியில் கொண்டாடுகிறோம்.

இதில் நாம கவனிக்கத் தவறும் ஒன்று இருக்கு. இது எங்கே நடந்தது? ஆஸ்பத்திரி வார்டில். பாட்டு இருக்கு, ஆஸ்பத்திரி எதுக்கு என்று யாரும் அவரைத் தூக்கிக்கொண்டு வெளியே வரவில்லை. மகான் கட்டிலில் படுத்தார், காலை டாக்டர்களிடம் கொடுத்தார், மனசை முருகனிடம் கொடுத்தார். மயில் வார்டுக்கே வந்தது. அந்த அதிசயத்தை நம்புகிறவன் ஆஸ்பத்திரியை முருகன் வராத இடம் என்று எப்படி நினைக்க முடியும்? அந்த மருத்துவமனைதான் இன்றைக்கு சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. திருத்தணியில் மின்சார ரயில் ஏறினால் இறங்கி ரோட்டைக் கடந்தால் போதும். தோல் நோய்ப் பிரிவு அங்கே இருக்கு.

அடுத்து தீட்டு. புண்ணோடு சந்நிதிக்குப் போகலாமா என்ற முதல் கேள்வி.

நம்ம ஊரில் இருந்து ரயில் ஏறினால் ரேணிகுண்டா தாண்டிக் காளஹஸ்தி. அங்கே நடந்ததைப் பெரியபுராணம் சொல்கிறது. சுவாமியின் கண்ணில் ரத்தம் வழிகிறது. கண்ணப்பர் பார்க்கிறார். 'ஐயோ, ரத்தம், தீட்டு' என்று விலகவில்லை. துடைக்கிறார். அடுத்து என்ன செய்தார்? உடனே கண்ணைப் பிடுங்கவில்லை. காட்டுக்குள் ஓடிப் பச்சிலை தேடிக் கொண்டு வந்து பிழிந்தார். மருந்தை முதலில் முயன்று பார்த்தார். அது பலிக்காத பிறகுதான் தன் கண். நாம கண்ணைத் தோண்டியதை மட்டும் ஞாபகம் வச்சுக்கிட்டு, பச்சிலையை மறந்துட்டோம்.

புண் வடியும் உடம்பு சந்நிதிக்கு ஆகாது என்றால், அன்றைக்கு அங்கே புண் வடிந்தது யாருக்கு? திருத்தணியிலும் ஒன்று சொல்வார்கள். அசுரன் எறிந்த சக்கரத்தை மார்பில் ஏற்றதால் தணிகை முருகன் மார்பில் அந்தத் தடம் இருக்கிறது என்பது தல ஐதீகம். தழும்போடு நிற்கும் சுவாமியிடம் தழும்போடு போக யாருக்கும் வெட்கம் தேவையில்லை.

அதே சமயம் கூட்டத்தில் பக்கத்தில் நிற்பவரையும் நினைக்கணும். சுத்தமான கட்டுப் போட்டு, தளர்வான பருத்தி உடை போட்டு, மாற்றுத் துணி எடுத்துக்கிட்டுப் போங்க. இது மரியாதை. ஒதுங்கி நிற்பதற்கான காரணம் இல்லை. வலி அதிகமான நாளில் 365 படியும் ஏறித்தான் தீரணும் என்றும் இல்லை. மேல வரைக்கும் ரோடு போகுது. வண்டியில் வந்தவனுக்கு முருகன் முகம் திருப்பினதா எந்தப் புராணமும் சொல்லலை.

இப்போ ரொம்ப நுட்பமான ஒரு தவறான எண்ணம். 'மாத்திரை வேண்டாம். இந்த வலியைத் தாங்கிக்கிறேன். இதுவே என் விரதம், என் காவடி.' பக்தியுள்ள பிள்ளைகள்தான் இப்படி நினைப்பாங்க. அலகு குத்துபவர் வலியைத் தாங்குகிறாரே, நான் தாங்கினால் என்ன என்று தோணும்.

அலகு குத்துபவர் அந்த வலியைத் தானே தேர்ந்தெடுத்தார். நாள் குறிச்சு, விரதம் இருந்து, சொந்தக்காரங்க சூழ, மேளத்தோடு எடுத்தார். அது காணிக்கை. எச்.எஸ். வலியை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு, மேளம் இல்லாம, தனியாப் படுத்திருக்கும்போது வருது. தான் கொடுக்காத ஒன்றைக் காணிக்கை என்று எப்படிச் சொல்வது? அதைவிட முக்கியம், எந்தக் காவடிக்கும் இறக்கும் இடம் ஒன்று உண்டு. எவ்வளவு கனமானாலும் சந்நிதிக்கு வந்ததும் இறக்கி வைக்கிறோம். இறக்கவே கூடாத காவடி என்று ஒன்று கிடையாது. இறக்கி வைக்க ஓர் இடம் கண் முன்னாடி இருந்தும் தோளிலேயே வைத்திருந்தால் அது காவடி இல்லை, வெறும் சுமை.

ஆனா உண்மையையும் சொல்லிடணும். இந்த நோயை ஒரேயடியா ஒழிக்கும் மருந்து இன்றைக்கு இல்லை. அடக்கி வைக்க நிறைய இருக்கு. ஆரம்ப நிலையில் தடவும் மருந்து, சில மாசம் தொடரும் மாத்திரை. அடுத்த நிலையில் எதிர்ப்பு சக்தியின் கோபத்தைக் குறைக்கும் ஊசிகள். சுரங்கம் உண்டான இடத்தில் மேல் தோலை நீக்கி ஆறவிடும் அறுவை சிகிச்சை. புகை நிறுத்துவதும் எடை குறைப்பதும் உதவும். யாருக்கு எது என்பதை டாக்டர்தான் முடிவு பண்ணணும். எவ்வளவு சீக்கிரம் போகிறோமோ அவ்வளவு குறைவாகத் தழும்பு. ஏழு வருஷம் காத்திருந்தால் இழப்பது அதைத்தான்.

போகும்போது ஒரு உதவி செஞ்சுக்குங்க. கட்டி வீங்கியிருக்கும் நாளில் போனில் படம் எடுத்து வையுங்க. எந்தத் தேதி, எந்த இடம், எத்தனை நாள் என்று எழுதி வையுங்க. டாக்டரைப் பார்க்கும் நாளில் கட்டி அமுங்கியிருக்கலாம். 'ஒண்ணுமில்லையே' என்று அனுப்பிவிடாமல் இருக்க அந்தப் படம் பேசும். 'இது எச்.எஸ். ஆக இருக்குமா டாக்டர்?' என்று பணிவாக நேராகவே கேளுங்க. தப்பில்லை.

அப்படியானால் போகாத நோயோடு எப்படி வாழ்வது? கந்த புராணத்தை நினைச்சுப் பாருங்க. மாமரமாக நின்ற சூரனை வேல் பிளந்தது. பிளந்தது இல்லாமல் போகவில்லை. மயிலும் சேவலுமாக மாறியது. அடங்கி, கூடவே இருக்கிறது. இதை வைத்து 'வலியும் ஒரு வரம்' என்று நான் சொல்ல வரலை. வலி வரம் இல்லை. அதுக்கு நன்றி சொல்லணும்னும் யாரும் கேட்கக் கூடாது. சூரன் தானாக மயிலாகவில்லை என்பதுதான் இதில் முக்கியம். முதலில் வேல் வேண்டியிருந்தது. சிகிச்சை என்ற வேல் படாமல், 'ஏத்துக்கோ, பழகிக்கோ' என்று ஒருவரிடம் சொன்னால், அது மயிலேறச் சொல்வது இல்லை. சூரனோடு குடித்தனம் பண்ணச் சொல்வது.

கடைசியா, நோயில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அதே மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவத்தை நாலாகப் பிரிக்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, கூட இருந்து கவனிப்பவர். நாலாவது ஆள் நாமதான். அக்காவோ தம்பியோ நண்பனோ திடீர்னு கோவிலுக்கு வருவதை நிறுத்தினா, கறுப்புச் சட்டை மட்டுமே போட ஆரம்பிச்சா, உட்காராம நின்னுக்கிட்டே இருந்தா, தனியாக் கூப்பிட்டுக் கேளுங்க. 'என்ன பாவமோ' என்று ஆரம்பிக்காதீங்க. 'நான் கூட வரேன், டாக்டரைப் பார்க்கலாம்' என்று ஆரம்பிங்க. இந்த நோய் மனச்சோர்வையும் கூட்டி வரும். விழுந்துவிடலாம் என்று தோன்றும் அளவுக்குப் போனால், அரசின் டெலி மானஸ் எண் 14416-க்கு எந்த நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம். அருணகிரியைத் தாங்கின கை இன்றைக்கு ஒரு போன் குரலாகவும் வரும்.

நோயில் தோல் சிவந்து எரிவதற்குத் தமிழில் அழற்சி என்று பெயர். அழல் என்றால் நெருப்பு. நம்ம மலைக்குப் பெயர் தணிகை. சூரனோடு செய்த போரின் கோபம் தணிந்த இடம் என்பதால் செருத்தணி, அதுவே திருத்தணி என்று சொல்வார்கள். அதனால்தான் கந்த சஷ்டிக்கு மற்ற படைவீடுகளில் சூரசம்ஹாரம் நடக்கும்போது இங்கே அது கிடையாது. சுவாமிக்குப் புஷ்பாஞ்சலி, மலர் மட்டும்தான். நெருப்பே இல்லாத இடம் என்று இந்த ஊருக்குப் பெயர் வைக்கவில்லை. நெருப்பு தணியும் இடம் என்றுதான் வைத்திருக்கிறார்கள். தணிதல் ஒரே நாளில் நடப்பதில்லை. அதுக்கு ஒரு பெயர் வேணும், ஒரு மருந்து வேணும், கூட ஒரு ஆள் வேணும்.

ஆகவே, புண்ணோடு தணிகை மலை ஏறலாமா? தாராளமா ஏறலாம். ஏறிட்டு இறங்கி டாக்டரிடமும் போகணும். ரெண்டும் ஒரே யாத்திரைதான்.

யாருக்கு இது தேவைப்படும்னு உங்களுக்குத் தோணுதோ, அவங்களுக்குத் தனியா அனுப்புங்க. குரூப்பில் பேர் போட்டு அனுப்ப வேண்டாம். அவங்க கூச்சத்தை அவங்களே உடைக்கட்டும்.

தணிகை வேலனுக்கு அரோகரா!
வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!